முகட்டுப் பாறைக்குப் போகும் நேரம்

மணி நாலு பத்து. பி.காம் இரண்டாம் ஆண்டின் அன்றைய கடைசி வகுப்பை முடித்துவிட்டுச் சௌம்யா கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் கிடந்த போன் அதிர்ந்தது. ஒய்யம்மாளின் மகன் மாரிமுத்து.

"டீச்சர், அம்மா போயிருச்சு. இப்பத்தான், நாலு மணிக்கு. மத்தியானம் கஞ்சி கேட்டுச்சு. வாங்கிட்டு வர்றதுக்குள்ள கண்ணு சொருகிருச்சு. நாளைக்கு ஆடலூருக்குக் கீழ, எங்க எடத்துலயே வச்சிருவோம். நீங்க வரணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுச்சு."

சௌம்யா டஸ்டரைக் கையில் பிடித்தபடியே படியிறங்கினாள். ஆபீஸ் வாசலில் கண்காணிப்பாளர் செல்வமுருகன் நின்றுகொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது போல.

"கேள்விப்பட்டேன் மேடம். பாவம், நல்ல மனுஷி. வருசா வருசம் தேன் கொண்டாந்து குடுக்கும்ல?" என்றார். அதே மூச்சில், "திங்கக்கிழமை கவுன்சிலிங்குக்குப் புக்லெட் ஐந்நூறு இறக்கி வச்சிருக்கேன். டேபிள் போட நாலு பிள்ளைகள அனுப்பி வைங்க" என்றார்.

ஒய்யம்மாள் தன் வாழ்நாளில் யாருக்கும் தேன் கொண்டுவந்து கொடுத்தது கிடையாது. அவளுக்குத் தேனீ என்றாலே நடுங்கும். இருபத்தாறு வருடம் இதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிய ஒருத்தியைப் பற்றி இந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே விஷயமும் பொய். சௌம்யா டஸ்டரை ஆபீஸ் படியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

கொடைக்கானலில் அந்தப் பெண்கள் கல்லூரியின் வாசலுக்கு எதிரே ஒய்யம்மாளின் தள்ளுவண்டி நிற்கும். அவித்த கடலை, சுக்குக் காப்பி, மழை நாளில் சுண்டல். ஆடலூருக்குக் கீழே காட்டை ஒட்டிய பளியர் பழங்குடியினரின் குடியிருப்பில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தார்கள். எட்டு வயதில் தேனீக் கூட்டம் மொய்த்து இடது கண் பத்து நாள் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகு பூ மரத்தடியில்கூட நிற்க மாட்டாள். இருபத்து நாலு வயதில், கைப்பிள்ளையோடு மலை ஏறி வந்து கல்லூரியிலும் விடுதியிலும் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். தினக்கூலி. இருபத்தாறு வருடமும் தினக்கூலிதான். துப்புரவு வேலையைக் காண்டிராக்டருக்கு விட்டபோது ஒரு சால்வையும் கல்லூரி முத்திரை போட்ட சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். சால்வையை வண்டிக்கு மூடுதுணியாக்கினாள். கடிகாரத்தை மாரிமுத்துவின் ஜீப் ஸ்டாண்டில் மாட்டச் சொல்லிவிட்டாள்.

"உன் நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லித்தானே அதக் குடுத்தாங்க. அங்கயே ஓடட்டும்."

ஆனால் அவளை ஊர் அறிந்தது கூட்டுகிற வேலையால் அல்ல. கடலை வண்டியாலும் அல்ல. முதல் முதலாக மகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோருக்கு ஊரைக் காட்டுகிறவள் அவள்தான். யாரும் நியமிக்கவில்லை. ஒரு வருடம் விடுதிக் காப்பாளர், "இவங்களக் கொஞ்சம் சுத்திக் காமிச்சுட்டு வா ஒய்யம்மா" என்று இரண்டு பேரைத் தள்ளிவிட்டார். அடுத்த வருடம் பத்துப் பேர். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வேலையை விட்டு அனுப்பிய பிறகும் பெற்றோர்கள் வண்டியைத் தேடி வந்தார்கள். போன வருடம் சேர்ந்த பெண்ணின் அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள்.

சௌம்யா பழநிக்காரி. அடிவாரத்தில் அவள் அப்பா பொன்னுவேலுக்குப் பஞ்சாமிர்தக் கடை. 2011இல் அவளைச் சேர்க்க வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அவர் ஒய்யம்மாளின் வண்டியருகே வந்து, "பசிக்குது, நல்ல ஓட்டல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

ஒய்யம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத் தின்னா அப்படியே வெளிய வந்துரும். வர்ற வழியில பாத்தீங்களே வளைவு, அம்புட்டும் இன்னும் உங்க வயித்துக்குள்ளதான் சுத்திக்கிட்டுக் கெடக்கு. அரை மணி நேரம் உக்காருங்க. இந்தச் சுக்குக் காப்பியக் குடிங்க."

"சரிம்மா. இங்க பாக்க என்ன இருக்கு?"

"கக்கூஸு."

பொன்னுவேல் திடுக்கிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற அம்மா கந்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. மூணு வருசம் புள்ள இருக்கப் போற எடம். மொதல்ல கக்கூஸப் பாருங்க. சுடுதண்ணி வருதான்னு கொழாயத் தொறந்து பாருங்க. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கும் தொறந்திருக்கிற மருந்துக்கடை. போனு எங்க நின்னா கேக்கும்னு ஒரு எடம் இருக்கு, அது. ஏரி எங்கயும் போயிராது. அது பாட்டுக்கு அங்கதான் கெடக்கும்."

இதுதான் அவளுடைய சுற்றுலா. படகு கிடையாது, குதிரை கிடையாது. சாப்பாட்டுக்கும் அவளிடம் சட்டம் இருந்தது. காலையில் மூஞ்சிக்கல் படிக்கட்டோரம் ஜோதிமணி வீட்டு இட்லி. ஒன்பது மணிக்குச் சட்டி காலி. தக்காளிச் சட்னி கேட்காதே, அவளாக வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தை. அங்கே கிளாவரைக் கிராமத்தார் கொண்டுவரும் பச்சைப் பட்டாணியைத் தோலுரித்து அப்படியே வாயில் போடலாம். பூண்டு வாங்கினால் ஊர் போய்ச் சேரும்வரை மணக்கும். "சோத்தப் படம் புடிச்சு வாசல்ல மாட்டி வச்சிருக்கான் பாருங்க, அவன் கடைக்குப் போகாதீங்க. சோறு நல்லா இருந்தா எதுக்குப் படம்?" சாக்லேட் திரும்பிப் போகும்போது மட்டும். பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போனால் முதல் நாள் ராத்திரியே எல்லாம் தீர்ந்து, இரண்டாம் நாள் அழுகை கூடும்.

முகட்டுப் பாறை கடைசி. கல்லூரிக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு வழியாக முக்கால் மணி நேர நடை. வடக்கு நோக்கிய மொட்டைப் பாறை. அதற்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது; தாயும் தகப்பனும் மட்டும்தான். காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் பத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் வானம் சுத்தமாக இருக்கும். கீழே குளங்கள் தெரியும், வயல் தெரியும், நடுவில் சின்னதாகப் பழநி மலை தெரியும்.

அங்கே நிறுத்தி ஒய்யம்மாள் சொல்வாள்: "அந்தா, அதுதான் உங்க பக்கம். இம்புட்டுத்தான் தூரம். அழுறவங்க இங்கயே அழுதுருங்க. பஸ் ஸ்டாண்டுல புள்ள முன்னாடி அழாதீங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

திரும்பிக்கொள்வாள். பஞ்சாமிர்தக் கடையில் வாடிக்கையாளரிடம் சீறி விழும் பொன்னுவேல் அந்தப் பாறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாராம். இதைக் கந்தம்மாள் சொல்லித்தான் சௌம்யாவுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் அவர் சிரித்த முகமாகக் கையசைத்துவிட்டுப் போனார். அதை நம்பித்தான் அவள் முதல் ஆறு மாதத்தை அங்கே ஓட்டினாள்.

படித்து முடித்து, பெரியகுளத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்து, அதே கல்லூரிக்குக் கௌரவ விரிவுரையாளராக அவள் திரும்பி வந்தபோது, ஒய்யம்மாள் கடலைப் பொட்டலத்தை நீட்டி, "என்ன புள்ள, வெளிய எங்கயும் உன்னைய வச்சுக்கலையா?" என்று கேட்டாள்.

"உங்களப் பாக்கத்தான் வந்தேன்க்கா."

"பொய் சொல்லாத. கடலை திங்க வந்திருக்க."

இந்த வருடம் பிப்ரவரியில் கல்லூரிக்கு ஒரு யோசனை வந்தது. புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம்: எங்கே சாப்பிடலாம், என்ன பார்க்கலாம். எழுதும் பொறுப்பு சௌம்யாவின் தலையில் விழுந்தது. அவள் வேறு எங்கே போவாள்? மூன்று மாலை வண்டியருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒய்யம்மாள் சொல்வதை எல்லாம் எழுதினாள். அதை வைத்துப் பன்னிரண்டு பக்கம் தயாரித்தாள். கக்கூஸ் என்பதை மட்டும் 'விடுதி வசதிகள்' என்று மாற்றினாள். முதல் பக்கத்தில், 'இந்த ஊரைப் பல ஆண்டுகளாகப் பெற்றோருக்குக் காட்டிவரும் ஒய்யம்மாள் சொன்னபடி' என்று ஒரு வரி போட்டாள்.

அச்சுக்கூடத்துக்குப் போவதற்கு முன் அது செல்வமுருகன் மேசையில் நான்கு நாள் இருந்தது. ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டல் அச்சுச் செலவை ஏற்றது. உள்ளே முழுப் பக்க விளம்பரம். ஜோதிமணியின் இட்லி போய்விட்டது. மதியச் சாப்பாடு அந்த ஓட்டலில் என்று ஆனது. மதியம் ஒன்றரைக்கு அங்கே வயிறாரச் சாப்பிட்டவர்கள் அடுத்து எங்காவது போக வேண்டுமே? முகட்டுப் பாறையைத் தூக்கிப் பிற்பகல் இரண்டரைக்கு வைத்தார்கள். 'கண்கொள்ளாக் காட்சி முனை. குடும்பத்துடன் தாங்களாகவே நடந்து செல்ல ஏற்றது.'

ஜூன், ஜூலையில் மதியம் ஒரு மணிக்கு மேல் வடக்கு முகட்டில் மேகம் இறங்கும். இரண்டு மணிக்கு எதிரில் நிற்கும் மரம் தெரியாது. இது புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அல்ல. கொடைக்கானலில் துணி காயப்போடுகிற எவருக்கும் தெரியும். செல்வமுருகன் இதே ஊரின் நாயுடுபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்.

ஆனால் சரிபார்ப்புத் தாளின் அடியில் இருப்பது சௌம்யாவின் கையெழுத்து. ஏழாம் பக்கத்தில், அந்த வரியிலேயே, 'முகட்டுபாறை' என்று இருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, 'ப்' சேர்த்திருக்கிறாள். எழுத்தைத் திருத்தினாள். அதற்கு ஒரு விரற்கடை தள்ளியிருந்த மணியைப் பார்க்கவில்லை. தான் எழுதியதுதானே என்ற நினைப்பு.

புத்தகம் அச்சாகி வந்த அன்று வண்டிக்கு ஒரு பிரதி கொண்டுபோனாள். அட்டையில் ஒய்யம்மாளின் படம். கையில் தேன் பாட்டில். அது போட்டோக்காரன் ஏரிக்கரைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து அவள் கையில் திணித்தது. படம் எடுத்த அன்றைக்கே அவள் கத்தினாள்: "எங்காளுக எல்லாரும் தேன் எடுப்பாங்கன்னு எவன்டா சொன்னான்? இந்தா நிக்கிறாளே இவ பழநிக்காரி, இவளக் கூப்புட்டு மொட்டை போட்டுப் படம் புடி!" போட்டோக்காரன் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டான். படத்துக்குக் கீழே, 'மலைத்தேனுடன் பழங்குடிப் பெண்' என்று இருந்தது.

ஒய்யம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமாகத்தான் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என் பேரு எங்க புள்ள இருக்கு?"

முதல் பக்கத்தில் அந்த வரி இல்லை என்பதைச் சௌம்யா அப்போதுதான் பார்த்தாள். அங்கே ஓட்டல் முதலாளியின் வாழ்த்துச் செய்தி இருந்தது.

"உள்ள போட்டிருக்காங்கக்கா" என்று சொல்லிவிட்டாள்.

"எங்க?"

சௌம்யா புத்தகத்தை நடுவில் விரித்து ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டினாள். ஒய்யம்மாள் அந்தப் பக்கத்தின் ஓரத்தைக் கவனமாக மடித்து, புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடலைக் கூடைக்கு மேலே சொருகி வைத்தாள். அன்றிலிருந்து வண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டினாள். "இந்தா பாரு, என் பேரு." சிலர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதல் கவுன்சிலிங் ஒரு செவ்வாய்க்கிழமை. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது: அப்பா, அம்மா, பெண். புத்தகம் சொன்னபடி ஏரிக்கரை ஓட்டலில் சாப்பிட்டார்கள். புத்தகம் சொன்னபடி இரண்டரைக்கு நடந்தார்கள். நாலு மணிக்கு அந்த அப்பா கல்லூரிக்குப் போன் போட்டார். "சார், கை நீட்டுனா கை தெரியல சார். வழி எந்தப் பக்கம்னு தெரியல. பாப்பா அழுதுட்டு இருக்கா." அதற்குமேல் சிக்னல் போய்விட்டது.

செல்வமுருகன் வனத்துறைக்குப் போன் செய்தார். வருகிறோம் என்றார்கள். சௌம்யா ஏழாம் பக்கத்தை அப்போதுதான் பிரித்துப் பார்த்தாள். வாசலுக்கு ஓடி ஒய்யம்மாளிடம் சொன்னாள். இரண்டரை என்று போட்டதையும் சொன்னாள்.

ஒய்யம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. கடலையின் மேல் சால்வையை இழுத்து மூடினாள்.

"எந்தக் கூறுகெட்டவன்டா இந்நேரத்துக்குப் போகச் சொன்னது?" என்று ஆபீஸைப் பார்த்துக் கத்தினாள். "அந்த எடத்துல ரெண்டு பக்கமும் பள்ளம்டா!" பிறகு சௌம்யாவிடம், "நீ வராத. உன்னையும் சேத்துத் தேட என்னால ஆகாது" என்றாள். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.

ஆறரைக்கு மழையோடு மூன்று பேரையும் கொண்டுவந்து சேர்த்தாள். பெண்ணைத் தன் இடுப்போடு முந்தானையால் கட்டிக் கூட்டி வந்திருந்தாள். பாறை இறக்கத்தில் அவள் வழுக்கி விழுந்தது அப்போது யாருக்கும் தெரியாது, அவளும் சொல்லவில்லை. மறுநாள் மூச்சு விட முடியவில்லை. விலா எலும்பு மூன்று உடைந்திருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மழையில் நனைந்த நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒன்பதாம் நாள் நாலு பத்துக்குச் சௌம்யாவின் போன் அதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஆடலூருக்குப் போனாள். குழி மூடி எல்லாரும் கலைந்த பிறகு, மாரிமுத்து ஜீப்பிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு முப்பத்தொன்பது வயது. கிளாவரையிலிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி வருகிறவன். அம்மாவின் நாக்கு அவனுக்கு வரவில்லை. அதிகம் பேச மாட்டான். மடித்த பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினான். ஏரிக்கரை ஓட்டலின் முழுப் பக்க விளம்பரம். தட்டு நிறையச் சோற்றின் படம்.

"இதத்தான் டீச்சர் எல்லாருக்கும் காமிச்சுச்சு. ஆஸ்பத்திரில நர்சம்மாவுக்குக்கூடக் காமிச்சுச்சு."

சௌம்யா அந்தச் சோற்றுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எட்டாப்பு வரைக்கும் போயிருக்கேன். எனக்குப் படிக்கத் தெரியும்" என்றான். "நானும் அம்மாகிட்டச் சொல்லல."

அவன் திட்டியிருக்கலாம். புத்தகத்தை முகத்தில் எறிந்திருக்கலாம். அப்படி ஏதாவது செய்வான் என்றுதான் அவள் வந்தாள். அவன் அதை மறுபடி உறைக்குள் போட்டு ஜீப்பில் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை முதல்வர் அறையில் போய் நின்றாள். செல்வமுருகனும் இருந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை கொடுக்கப்போகும் ஐந்நூறு புத்தகத்திலும் ஏழாம் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வருத்தம் புரியுது சௌம்யா. ஆனா திருத்தம்னு ஒரு சீட்டு ஒட்டினா, தப்பு நடந்திருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்தம்மா விஷயத்துக்கும் அதுக்கும் முடிச்சுப் போடுவாங்க."

"முடிச்சு இருக்கே மேடம்."

"அடுத்த பதிப்புல நேரத்தை மாத்திருவோம்" என்றார் செல்வமுருகன். "அந்தம்மா படத்தை உள்ளயும் ஒரு பக்கம் பெருசாப் போடுவோம். 'நம் மலையின் மகள்'னு. எப்படி?"

"திங்கக்கிழமை வர்றவங்க?"

"மேடம், அந்த ஒரு நாள் என்னமோ மேகம் இறங்கிருச்சு. தினமுமா இறங்குது?"

"நாயுடுபுரத்துல உங்க வீட்டம்மா மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடில துணி காயப் போடுவாங்களா சார்?"

முதல்வர் இடைமறித்து, "கையெழுத்து உங்களோடதுங்கிறத மறந்துராதீங்க" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். கௌரவ விரிவுரையாளருக்கு அதன் அர்த்தம் தெரியும். ஜூலை முடிந்தால் அடுத்த ஒப்பந்தம்.

மறக்கவில்லை. அதனால்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

'முகட்டுப் பாறைக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பவும். பகல் ஒரு மணிக்கு மேல் போகவே கூடாது. மேகம் இறங்கும், வழி தெரியாது, இருபுறமும் பள்ளம். இந்த நேரத்தையும் வழியையும் சொன்னவர் ஒய்யம்மாள்.'

விடுதிச் சமையலறையில் ராக்காயி இருந்தாள். ஒய்யம்மாளோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். புத்தகக் கட்டுகளைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் ஒரு சட்டி மைதாப் பசை காய்ச்சி இறக்கினாள். ஸ்டோர் சாவி சமையலறை ஆணியில்தான் தொங்கும். சனி முழுக்க, ஞாயிறு முழுக்க ஒட்டினார்கள். ஈரக் காற்று, பசை காயவே இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் விரித்து அடுப்பு மேடையில் காயவைத்து எடுக்க வேண்டியிருந்தது.

"பேர எழுதியிருக்கியே, எந்த எடத்துல?" என்றாள் ராக்காயி. சௌம்யா கடைசி வரியைக் காட்டினாள். ராக்காயி அதற்குப் பிறகு அந்த இடத்தில் பசை படாதபடி பார்த்து ஒட்டினாள். "எனக்கும் படிக்கத் தெரியாதுதான். நீ காமிக்கிற எடத்துல வேற எதுவும் இல்லையே?"

சௌம்யாவின் கை நின்றது.

"மாரிமுத்து சொன்னானா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. அவளுக்குத்தான் தெரியாது." ராக்காயி அடுத்த புத்தகத்தை எடுத்தாள். "சும்மா உக்காராத. வெரசா ஒட்டு."

திங்கட்கிழமை எட்டரைக்குப் பந்தலில் மேசைகள் நிறைந்துவிட்டன. மூன்று கட்டுகள் முடிந்து வெளியே போயிருந்தன. கடைசிக் கட்டில் பெரும்பகுதி ஒட்டாமல் மிச்சம். செல்வமுருகன் தற்செயலாக ஒரு புத்தகத்தைப் புரட்டினார். முகம் கறுத்தது. சமையலறைக்கு நேரே வந்தார்.

"யாரக் கேட்டு மேடம் இது?"

"செத்துப் போனவங்களக் கேட்டு."

ஒட்டாத புத்தகங்களை வாரிப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பந்தலில் கொடுத்ததைப் பிடுங்க முடியவில்லை. அதற்குள் முந்நூறு பெற்றோர் கையில் இருந்தது. சிலர் ஏழாம் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குச் சௌம்யா கைக்கு மெமோ வந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பகல் ஒரு மணிக்குச் சவுக்குத் தோப்பின் வாயிலில் போய் நின்றாள். மேகம் அன்றும் நேரம் தவறாமல் இறங்கியது. ஒன்றே முக்காலுக்குத் தோப்பின் நாலாவது மரம் மறைந்தது. இரண்டு இருபதுக்கு ஒரு தாயும் தகப்பனும் வந்தார்கள். அந்த ஆளின் கையில் புத்தகம்.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சோம் மேடம். காலைலன்னு ஒட்டியிருக்கு. ஆனா சாப்பிட்ட ஓட்டல்காரருகிட்டக் கேட்டோம், இப்பப் போனாலும் சூப்பரா தெரியும்னு சொன்னாரு."

இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. "என்னத்தப் பாக்கப் போறீங்க? மேகத்தையா? அத உங்க ஊர்லயே அண்ணாந்து பாக்கலாமே! சோத்தப் படம் புடிச்சு மாட்டுறவன் பேச்சக் கேட்டுப் பள்ளத்துல விழப் போறீங்களா? உங்க புள்ள உள்ள உக்காந்திருக்கா. திரும்புங்க!" கத்தி முடித்த பிறகுதான், அது யாருடைய பேச்சு என்று அவளுக்கே உறைத்தது.

அந்த ஆள் இரண்டடி பின்வாங்கினார். மனைவி அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, ஒட்டிய சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். கடைசி வரியைச் சத்தமாகவே படித்தாள்.

"யாரு மேடம் இந்த ஒய்யம்மாள்?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க. நடந்துகிட்டே சொல்றேன்" என்றாள் சௌம்யா. "உங்க மகளக் கூட்டிட்டு வராதீங்க."

ஐந்நூறில் முந்நூற்று எண்பத்தெட்டில் சீட்டு ஒட்டியாகிவிட்டது. மீதி நூற்றுப் பன்னிரண்டு ஆபீஸ் ஸ்டோரில், செல்வமுருகன் புதிதாகப் போட்ட பூட்டுக்குள் இருக்கின்றன. அவற்றின் ஏழாம் பக்கத்தில் இன்னும் பிற்பகல் இரண்டரை என்றே இருக்கிறது.